பாதி வழியில் விட்ட போலீஸ்

பங்குனி பிறந்துவிட்டால் திருச்சியிலிருந்து சமயபுரம் போகும் நெடுஞ்சாலையில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். மஞ்சள் உடுத்தி வெறுங்காலோடு நடந்து போகிறவர்கள் யாரும் தார் மேல் நடக்க மாட்டார்கள். ஓரத்து மண்ணிலும் நடக்க மாட்டார்கள், சரளைக்கல் குத்தும். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே நெடுக ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதன் மேல்தான் கால் வைப்பார்கள். கறுப்பு வெயிலை விழுங்கி வைத்துக்கொள்ளும். வெள்ளை வந்த வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரே சாலையில் இரண்டுக்கும் பாதத்தில் தெரிகிற வித்தியாசம் அவ்வளவு இருக்கும். கோடு குறுகலானது என்பதால் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். கொள்ளிடம் பாலத்தின் மேலிருந்து பார்த்தால், யாரோ சாலை ஓரமாக ஒரு மஞ்சள் கயிற்றை இழுத்துக்கொண்டு போவதுபோல இருக்கும்.

அனுசுயாவுக்கு அந்தக் கயிறு நன்றாகப் பழக்கம். அந்தச் சாலையில் ரோந்து போகும் போலீஸ் வண்டியை ஓட்டுகிறவள் அவள். ஆயுதப்படையில் வாசல் காவலுக்கு நின்றே வருஷங்களைக் கழித்தவள், டிரைவர் தேர்வு எழுதி, மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி, போன தீபாவளிக்குப் பிறகுதான் அந்த இருக்கையில் உட்கார்ந்தாள். அந்தப் பிரிவில் ஸ்டியரிங் பிடித்த முதல் பெண். முதல் நாள் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுகூட இடது கை தானாக கியர் போட்டுக்கொண்டிருந்தது என்று அவள் நாத்தனார் ஜோதி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் அவர்களுக்கு வாடகை வீடு. வீட்டில் மூன்று பேர். அனுசுயாவின் கணவன் கலையரசன் காந்தி மார்க்கெட்டிலிருந்து ஸ்ரீரங்கத்துக் கடைகளுக்குக் காய்கறி ஏற்றி வருகிறவன். குட்டியானை என்று ஊரே சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறான். தங்கை ஜோதி அதே மார்க்கெட்டில் பூ மொத்தக் கடையில் வேலை பார்க்கிறாள். விடியுமுன் அண்ணனும் தங்கையும் குட்டியானையில் கிளம்பிவிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல். அம்மனே பக்தர்களுக்காகப் பட்டினி விரதம் இருக்கிற மாதம் அது. ஊர் ஊராகக் கூடை கூடையாய்ப் பூ கொண்டுபோய்க் கொட்டுவார்கள்.

"அண்ணி, இன்னிக்கி எங்க கடையிலேருந்து மட்டும் எத்தனை ஊருக்கு கூடை போவுது தெரியுமா? உங்க ரோட்டுல எறும்புகூட நுழைய முடியாது பாருங்க" என்றாள் ஜோதி, தலையைப் பின்னிக்கொண்டே.

"எறும்பு நுழைஞ்சிடும். உங்க அண்ணன் வண்டிதான் நுழையாது. போற வழியெல்லாம் டீக்கடையில நின்னுக்கிட்டே போனா எப்படி நுழையும்?"

"போலீஸ்காரங்க டீயே குடிக்க மாட்டீங்களா?" என்றான் கலையரசன். "அந்தப் பிச்சமுத்து சார் வண்டியில ஃபிளாஸ்க்குக்குன்னே தனி சீட்டு போட்டு வச்சிருக்காருன்னு கேள்விப்பட்டேன்."

"அது நிஜந்தான்" என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் அனுசுயா தொப்பியை எடுத்தாள்.

பிச்சமுத்து சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர். ரோந்து வண்டியில் அனுசுயாவுக்குப் பக்கத்து இருக்கை அவருடையது. நல்ல மனுஷன், ஆனால் வயிறு முட்டி சீட் பெல்ட் போட மாட்டார். சர்வீஸ் முடியப் போகிற நேரத்தில் ஒரு திருடனையாவது ஓடவிட்டுப் பிடித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், சஞ்சீவி நகர் சிக்னல் அருகே நிழல் பார்த்து நின்றிருந்தபோது, அந்த ஆசையைக் கிளப்பிவிடுகிற மாதிரி வண்டியின் வயர்லெஸ் மைக் பேசியது. காந்தி மார்க்கெட் அருகே நிறுத்தியிருந்த ஒரு வெள்ளைக் குட்டியானையைக் காணவில்லை. உள்ளே பூண்டு மூட்டை. எல்லா ரோந்து வண்டியும் கவனிக்கவும்.

அனுசுயா உடனே செல்போனை எடுத்தாள்.

"என்னங்க, உங்க வண்டி எங்க இருக்கு?"

"அதுலதான் உக்காந்திருக்கேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. உக்காந்தே இருங்க" என்று வைத்துவிட்டாள்.

"ஏம்மா, வீட்டுக்காரரையே முதல்ல சந்தேகப்படுறியே" என்று பிச்சமுத்து சிரித்து முடிப்பதற்குள், சிக்னலைத் தாண்டி ஒரு வெள்ளைக் குட்டியானை போனது. மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. பின்னால் ஒரு ஈரச் சாக்கு தொங்கி நம்பர் பிளேட்டை மறைத்திருந்தது. திருட்டு வண்டிக்கு இதைவிட என்ன வேண்டும்?

"எடும்மா!"

அனுசுயா எடுத்தாள். சைரன் போட்டாள், மேலே நீலமும் சிவப்பும் சுழன்றன. பிச்சமுத்து ஒலிபெருக்கி மைக்கைப் பிடித்து, "வெள்ளை வண்டி, ஓரங்கட்டு! ஓரங்கட்டு!" என்றார்.

குட்டியானை ஓரங்கட்டவில்லை. வேகம் கூடியது.

காவிரி மேல் பாலம். கீழே தண்ணீர் இல்லை, மணல்தான். அந்த மணலில் பட்ட வெயில் அனலாக மேலே எழுந்து வந்தது. பாலத்தில் முந்திப்போய்க் குறுக்கே நிறுத்தலாம் என்றால் இடதுபக்கம் நிறையப் பஸ்ஸும் வேனும் போய்க்கொண்டிருந்தன. குட்டியானை வலப்பக்கத் தடத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சைரன் கேட்ட வண்டிகளெல்லாம் ஒதுங்க, திறந்த இடத்தில் அதுவே முதலில் புகுந்து போனது. தார்ப்பாய் இடுக்கிலிருந்து இரண்டு கைகள் வெளியே நீண்டு, மேலும் கீழும் ஆடின.

"கை ஆட்டுறான் பாரு! நக்கல் பண்றான்மா நம்மள! அழுத்து!"

துரத்துகிற வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன்னால் ஓடுகிற வண்டியின் வேகத்தை அதன் டிரைவர் மட்டும் முடிவு செய்வதில்லை. பாதியைப் பின்னால் வருகிறவர் முடிவு செய்கிறார். அனுசுயா நெருங்க நெருங்க குட்டியானை விரைந்தது. அவள் கொஞ்சம் விட்டுப் பிடித்தால் அதுவும் கொஞ்சம் தணிந்தது. நடுவே ஏதோ ஒரு கம்பி கட்டித் தள்ளிக்கொண்டு போவதுபோல அவளுக்கே தோன்றியது. அந்த மாதிரிச் சின்ன வண்டிக்குச் சக்கரம் சின்னது, பாரம் உயரம். அந்த வேகத்தில் திடீரென்று பிரேக் பிடித்தால் நிற்காது, உருளும். அது அவளுக்குத் தெரியும். வீட்டு வாசலிலேயே அப்படி ஒன்று நிற்கிறது அல்லவா.

கொள்ளிடம் பாலம் இறங்கியதும் மஞ்சள் கயிறு ஆரம்பித்தது. அதுவரை பாதகமில்லை. எல்லோரும் வெள்ளைக் கோட்டின் மேல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் சைரன் கேட்டால் நடப்பவர் ஒதுங்குவார் என்று நினைக்கிறோமே, அது தப்பு. அவர் முதலில் திரும்பிப் பார்ப்பார். சாலையின் இடது ஓரம் போகிறவர் வலப்பக்கமாகத்தான் திரும்புவார். தலை திரும்பிய பக்கம் காலும் போகும். ஒவ்வொரு தலையாக வலப்பக்கம் திரும்ப, கயிறு சாலைக்குள் நெளிந்து வருவதை அனுசுயா பார்த்தாள்.

அதற்கும் அப்பால் சாலை பளபளத்தது. நடந்து வருகிறவர்களின் கால் சுடாமல் இருக்க, யாரோ புண்ணியவான் தண்ணீர் லாரி வைத்துச் சாலையை நனைத்துக்கொண்டு போயிருக்கிறார். நனைந்த தார் குளிர்ந்த தார். அங்கே யாருக்கும் வெள்ளைக் கோடு தேவையில்லை. கயிறு பிரிந்து பாயாக விரிந்து பாதிச் சாலையில் பரவியிருந்தது. குழந்தைகள் ஈரத்தில் தத்திக் குதித்துக்கொண்டிருந்தார்கள். குட்டியானை அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது, அனுசுயா தள்ளிக்கொண்டு போன வேகத்தில்.

அவள் காலை எடுத்தாள். சைரனை நிறுத்தினாள். விளக்கையும் அணைத்தாள். வண்டியை இடது ஓரம் இறக்கி நிறுத்தியே விட்டாள்.

"என்னம்மா ஆச்சு? வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல சார். விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? கைக்கு எட்டுற தூரத்துல போறான்மா!"

"முன்னாடி பாருங்க சார்."

பிச்சமுத்து பார்த்தார். தூரத்தில் குட்டியானையின் பின்விளக்கு சிவந்தது. அது தணிந்து, தயங்கி, நடக்கிற வேகத்துக்கு வந்து, மஞ்சள் கூட்டத்துக்குள் மெல்ல நுழைந்தது. கூட்டம் அதன் பின்னால் மூடிக்கொண்டது.

"இப்ப இறங்கி ஓடினாக்கூடப் புடிச்சிடலாம்" என்றார் பிச்சமுத்து. பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்துவிட்டு மைக்கை எடுத்தார். சமயபுரம் எல்லையில் நின்ற காவலரிடம், வெள்ளைக் குட்டியானை ஒன்று வரும், மடக்குங்கள் என்றார்.

"எந்த வெள்ளைக் குட்டியானை சார்?" என்று மைக் திருப்பிக் கேட்டது. "இங்க அம்பது நிக்குது. எல்லாத்துலயும் பூவு."

சாயங்காலமே இன்ஸ்பெக்டர் முருகானந்தம் கூப்பிட்டுக் கத்திவிட்டார். யாரைக் கேட்டு விட்டாய்? வண்டியை நிறுத்த நீ யார்? செவ்வாய்க்கிழமை டி.எஸ்.பி. மேடம் விசாரிப்பார்கள். அதுவரை சாவியைக் கொடுத்துவிட்டுப் போ. அதற்குப் பிறகு எப்படியும் பழைய வாசல் காவல்தான், நாற்காலிகூடக் கிடையாது.

வீட்டில் கலையரசன் சமையல் செய்துகொண்டிருந்தான். அவன் வேலை மதியத்தோடு முடிந்துவிடுவதால் ஞாயிறு இரவுச் சாப்பாடு எப்போதும் அவன் பொறுப்பு. கத்தரிக்காய் வத்தக்குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்திருந்தது. அப்பளத்தை நேரே அடுப்புத் தீயில் வாட்டிக்கொண்டிருந்தான். அனுசுயா தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு நடந்ததைச் சொன்னாள். அவன் அப்பளத்தைத் திருப்ப மறந்துபோனான்.

"சாவியவே வாங்கிட்டாரா?"

"வாங்கிட்டாரு. கருகுது பாருங்க."

"கருகட்டும். நீ செஞ்சது சரிதானே?"

"சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவன் நிஜமாவே திருடனா இருந்தா? பூண்டுக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

ஜோதி தட்டுகளை எடுத்து வைத்தாள். "பூண்ட திரும்ப வெளைய வச்சுக்கலாம் அண்ணி. அந்த ஈரத்துல குதிச்சுக்கிட்டிருந்த பிள்ளைங்கள?"

"அத நீ சொல்ற. இன்ஸ்பெக்டர் சொல்லணுமே."

சாப்பிட்டுக்கொண்டே கலையரசன் யோசித்தான். லோடு வண்டிக்காரன் என்பதால் அவனுக்கு யோசனை முன்னால் போன வண்டியிலிருந்துதான் ஓடியது.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல அனு. திருட்டு வண்டி ஓட்டுறவன் எதுக்குச் சாக்க நனைச்சுத் தொங்க விடுறான்? பூண்டுக்கு ஈரம் ஆகாதே. அழுகிப்போயிடும்ல?"

"நம்பர மறைக்க."

"அதுக்குக் காஞ்ச சாக்கு போதுமே. இன்னொண்ணு. போலீஸு துரத்துறத நிறுத்தினா, திருடன் என்ன செய்வான்? விட்டது சனின்னு இன்னும் அழுத்துவான். இவன் ஏன் மெதுவானான்?"

அனுசுயா இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றிக்கொண்டாள். கவலையாக இருந்தால் அவளுக்கு நன்றாகப் பசிக்கும்.

விடை மறுநாள் காலை, காலிக் கூடைகளோடு ஜோதியின் கடைக்கு வந்தது.

பூக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. பூ விலைக்கு, கூடை இரவலுக்கு. திருவிழாவுக்கு வாங்கிப் போகிற ஊர்க்காரர்கள் அடுத்த நாள் கூடைகளைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். மாத்தூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரிலிருந்து வீரமலை என்ற விவசாயியும் அவர் அக்காள் ராசாத்தியும் வந்தார்கள். கூடைகளை இறக்கிப் போட்டவன் அவர்கள் வாடகைக்குப் பேசியிருந்த வண்டியின் டிரைவர் அனீஸ்.

"பூ எல்லாம் ஆத்தா காலடிக்கு நல்லபடியா போச்சாக்கா?" என்று கேட்டாள் ஜோதி.

ராசாத்தி இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தாள் போல. "எங்கடி நல்லபடியா போச்சு? நீ மொட்டாத்தான் குடுத்த, நான் குறை சொல்லல. ஈரச் சாக்கு போட்டு மூடி, வெயிலு படாம தார்ப்பா கட்டி, புள்ளையத் தூக்கிட்டுப் போற மாதிரிதான் கொண்டுபோனோம். எல்லாம் அந்தப் போலீஸால கெட்டுது."

"போலீஸ் என்ன பண்ணுச்சு?"

"பாதி வழியில விட்டுட்டுப் போயிடுச்சுடி!"

ஜோதியின் கையிலிருந்த கூடை அப்படியே நின்றது.

"போன வருசம் ஒரு போலீஸ்காரரு தங்கமான மனுசன், கோயிலு வாசல் வரைக்கும் சைரன் போட்டுப் பின்னாடியே வந்து விட்டாரு. இந்த வருசமும் பாலத்துக்கிட்டயே வந்துட்டாங்க. ஆகா, ஆத்தாவே அனுப்பி வச்சிருக்கான்னு நெனச்சேன். 'தம்பி, அவங்கள காக்க வைக்காத, வேகமா போ'ன்னு இவன்கிட்ட நான்தான் சொன்னேன். ஒலிபெருக்கியில வேற, மத்த வண்டியெல்லாம் ஓரங்கட்டச் சொல்லி அவ்வளவு அக்கறையா கத்திக்கிட்டே வந்தாங்க."

"நான் தார்ப்பாக்குள்ளேருந்து ரெண்டு கையையும் நீட்டி, வாங்க வாங்கன்னு மரியாதையா கூப்பிட்டுக்கிட்டே வந்தேன்" என்றார் வீரமலை. "கொள்ளிடம் தாண்டினதும் பொசுக்குன்னு சைரன அமத்திட்டு நின்னுட்டாங்க. வண்டி ரிப்பேரோ என்னமோ."

"அப்புறம் யாரு எங்களுக்கு வழி விடுவா?" என்றாள் ராசாத்தி. "கூட்டத்துல மாட்டி, ஊர்ந்து ஊர்ந்து, ஆத்தா காலடியில விரிய வேண்டிய மொட்டு, கோயிலுக்குப் போறதுக்குள்ள பாதி கூடையிலேயே விரிஞ்சிடுச்சு. போய் யாருகிட்டயாவது சொல்லணும்னு ஆத்திரமா வருது."

ஜோதி வாயைப் பொத்திக்கொண்டு கடைக்குள் ஓடினாள். அழுகிறாளோ என்று வீரமலை பயந்துபோனார். அவள் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, தோள் குலுங்கச் சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அந்தப் போலீஸ் மேல நீங்க கட்டாயம் புகார் குடுக்கணும். எங்க, எப்ப போகணும்னு நான் சொல்றேன்."

பிறகு அவளுக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் போலீஸ் என் அண்ணிதான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வீரமலை தலையில் கை வைத்துக்கொண்டார். ராசாத்தி மட்டும் அசையவில்லை. "உங்க அண்ணியா இருந்தா என்ன? பாதியில விட்டது விட்டதுதானே?"

அன்று மாலை மூலத்தோப்பு வீட்டில் இதைக் கேட்டு அனுசுயா முதலில் சிரித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். அதன்பின் சட்டென்று நிமிர்ந்தாள்.

"வேணாம் ஜோதி. அவங்கள வரச் சொல்லாத."

"ஏன் அண்ணி? அவங்க வந்து சொன்னாத்தானே உங்களுக்குச் சாவி?"

"அந்த டிரைவர் தம்பி வேகமா ஓட்டியிருக்கு. சாமான் வண்டியில ஆள ஏத்தியிருக்கு. நம்பர் பிளேட்ட மறைச்சிருக்கு. வந்து சொன்னா அது மேல கேஸு போடுவாங்க. என் சீட்டுக்காக இன்னொருத்தர் வண்டிய நிறுத்தச் சொல்றியா?"

கலையரசனுக்கு அது சுருக்கென்று பட்டது. அவனும் திருவிழாக் காலத்தில் ஆள் ஏற்றியவன்தான். "எனக்கு அந்தத் தம்பிகிட்ட போன் போட்டுக் குடு" என்றான் தங்கையிடம். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான்: வந்தால் என்ன ஆகும், அபராதம் உண்டு, லைசென்ஸில் கைவைத்தாலும் வைப்பார்கள், வராவிட்டால் யாரும் தேடி வர மாட்டார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அனீஸ் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அண்ணே, நான் திருடன்னு நெனச்சுத்தானே அந்தக்கா துரத்துனாங்க?"

"ஆமா தம்பி."

"அப்ப அவங்க நோட்டுல நான் இன்னும் திருடன்தானே? அந்த வண்டி எங்க அத்தா பேருல இருக்குண்ணே. வந்து சொல்லிட்டே போறேன்."

செவ்வாய்க்கிழமை டி.எஸ்.பி. பேட்ரிசியாவின் அறையில் விசாரணை நடந்தது. பிச்சமுத்துவை முதலில் விசாரித்தார். அவர் ஒன்றையும் பூசி மெழுகவில்லை. "நான் அழுத்துன்னேன் மேடம். அந்தப் பொண்ணு அழுத்தல. விட்டுட்டா. அந்த நேரத்துல எனக்குக் கோவந்தான் வந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும் கொஞ்சம் இருக்கு மேடம்."

முருகானந்தம் தன் பக்கத்தைச் சொன்னார். காணாமல் போன பூண்டு வண்டி நேற்று அரியமங்கலத்தில் ஒரு மில்லுக்குப் பின்னால் மூட்டையோடு கிடைத்துவிட்டது. சரி, இவள் துரத்தியது அந்த வண்டி இல்லை. ஆனால் தப்பு செய்யாதவன் எதற்குப் போலீஸைப் பார்த்து ஓட வேண்டும்? உள்ளே வேறு எதுவோ இருந்திருக்கிறது. அதைத்தான் தப்பவிட்டிருக்கிறாள். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க அனுசுயா?"

"நான் பின்னாடி போற வரைக்கும் அது வேகமா போச்சு மேடம். முன்னாடி ஜனம் ரோட்டுல இருந்துச்சு. நான் விட்டாத்தான் அது மெதுவாகும்னு தோணுச்சு. உள்ள யாரு இருந்தாங்கன்னு அப்ப எனக்குத் தெரியாது."

"இப்ப தெரியுமா?"

"வெளிய நிக்கிறாங்க மேடம். என் மேல புகார் குடுக்க வந்திருக்காங்க."

ராசாத்தி உள்ளே வந்தபோது கையில் குங்குமப் பொட்டலம் இருந்தது. முதலில் அதை டி.எஸ்.பி.யின் மேசையில் வைத்தாள், பிறகு வழக்கைத் தொடங்கினாள். போன வருஷத்துத் தங்கமான போலீஸ்காரரிலிருந்து, கூடையிலேயே விரிந்த மொட்டு வரை ஒன்றையும் விடவில்லை. முருகானந்தம் முதலில் முறைத்துக்கொண்டு கேட்டார். நடுவில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் ஆடியது.

டி.எஸ்.பி. சிரிக்கவில்லை. அனீஸிடம் கேட்டார். "ஓரங்கட்டச் சொன்னது கேக்கலையா?"

"நல்லா கேட்டுச்சு மேடம். முன்னாடியும் ஒரு வெள்ளை பஸ்ஸு போச்சு, அதத்தான் சொல்றாங்கன்னு நெனச்சேன். பஸ்ஸும் உடனே ஓரங்கட்டுச்சு."

"சைரன் நின்னதும் ஏன் மெதுவா போனீங்க?"

"துணை போயிடுச்சே மேடம். அதுக்கப்புறம் யாரும் ஒதுங்க மாட்டாங்க. நாமதான் பாத்துப் போகணும்."

"சரி. இவங்க சைரன நிறுத்தாம உங்க பின்னாடியே வந்திருந்தா?"

அதற்கு ராசாத்திதான் முந்திக்கொண்டாள். "இன்னும் பறந்திருப்போம் தாயி! நான்தான் இவன்கிட்ட சொல்லிக்கிட்டே வந்தேன், யாரும் குறுக்க வர மாட்டாங்க, போலீஸு பாத்துக்கும், அழுத்துன்னு. முன்னாடி தண்ணி தெளிச்ச ரோடு, சும்மா வழுக்கிக்கிட்டுப் போயிருக்கும். அங்கதான் எங்க ஊரு பொம்பளைங்கல்லாம் நடந்து…"

அவள் வாய் திறந்தபடியே நின்றது.

அவர்கள் ஊரில் ஆண்கள் பூவோடு வண்டியில் வருவார்கள், பெண்கள் முதல் நாளே கிளம்பி நடந்து வருவார்கள். கால்வலி என்பதால் ராசாத்தி மட்டும் இந்த வருஷம் வண்டியில் ஏறியிருந்தாள். அவள் மகள், மகளின் இரண்டு பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லோரும் அந்த ஈரச் சாலையில்தான் இருந்தார்கள். வண்டி ஊர்ந்து போனபோது பேரப்பிள்ளைகள் தார்ப்பாயைத் தட்டிவிட்டுக் கத்திக்கொண்டு கூடவே ஓடியும் வந்தார்கள்.

ராசாத்தி மெதுவாகத் திரும்பி அனுசுயாவைப் பார்த்தாள். மேசையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, குங்குமத்தை எடுத்து, அறையில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் அனுசுயாவின் நெற்றியில் அழுத்தமாக வைத்தாள்.

"புகாரு இல்ல தாயி" என்றாள் டி.எஸ்.பி.யிடம்.

முருகானந்தம் ஜன்னலிலிருந்து திரும்பினார். சட்டைப் பையில் கைவிட்டு ரோந்து வண்டியின் சாவியை எடுத்து, டி.எஸ்.பி.யின் முகத்தைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். சாவி மேசைமேல் சத்தத்தோடு விழுந்தது.

"அனுசுயா, டியூட்டி நேரமாச்சு. கிளம்புங்க" என்றார் பேட்ரிசியா. "பிச்சமுத்து சார், நீங்களும். சீட் பெல்ட் போட்டுக்கங்க." பிறகு அனீஸ் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அபராதம் உண்டு தம்பி. அதுல சலுகை கிடையாது."

"போடுங்க மேடம்" என்றான் அனீஸ். "ஒரே ஒரு சந்தேகம். அடுத்த வருசம் பின்னாடி சைரன் கேட்டா, துரத்துறாங்களா துணைக்கு வர்றாங்களான்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

போலீஸ் பின்னால் வந்தால் நின்றுவிட வேண்டும் என்பது சட்டம். போலீஸ் பின்னால் வந்தால் வழி கிடைக்கும் என்பது திருவிழா. இரண்டையும் இத்தனை வருஷமாக ஒரே சைரனை வைத்துச் செய்துவந்திருக்கிறார்கள். டி.எஸ்.பி. பேனாவை மூடினார். "இனிமே துணைக்கு வர்ற வண்டி முன்னாடிதான் போகும். பின்னாடி வந்தா நிறுத்திடுங்க. முருகானந்தம், ஞாயித்துக்கிழமையிலேருந்தே அப்படிப் போடுங்க."

அடுத்த ஞாயிறும் பூச்சொரிதல்தான். கொள்ளிடம் பாலம் இறங்குகிற இடத்தில் பூ வண்டிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி, முன்னால் ரோந்து வண்டி போனது. ஓட்டியவள் அனுசுயா. சைரன் இல்லை, விளக்கு மட்டும் சுழன்றது. இரண்டாவது கியருக்கு மேல் அவள் போகவில்லை. நடக்கிறவர்களுக்கு என்ன வேகமோ அதே வேகம். அவளுக்கு நேர் பின்னால் ஈரச் சாக்கு போர்த்திய வெள்ளைக் குட்டியானை வந்தது. இந்த முறை நம்பர் பிளேட்டைத் துடைத்துப் பொட்டும் வைத்திருந்தார்கள்.

கொஞ்ச தூரத்திலேயே அது ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. நீளமாக, விடாமல். முன்னிருக்கையில் இருந்த ராசாத்தி ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, பின்னாலிருந்து கத்தினாள்.

"கொஞ்சம் வேகமா போ தாயி! மொட்டு விரியுது!"

பிச்சமுத்து பெல்ட்டுக்குள் சிரமப்பட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா அனு, நம்மளத் துரத்துறாங்கம்மா!"

அனுசுயா கண்ணாடியில் ஒருமுறை பார்த்தாள். இடது பக்கம் வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு சிறுமி, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, வண்டிக்குச் சமமாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"துரத்தட்டும் சார்" என்றாள். காலை அழுத்தவில்லை.